சக்கரமும் கடனும்: ஒரு சைக்கிள் சந்தையை வாசித்தல்

தமிழில் சைக்கிளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களைத்தான் செய்கிறார்கள். ஒன்று, மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்ட கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வது. இன்னொன்று, புகை கக்காத, பெட்ரோல் குடிக்காத ஏழையின் வாகனம் என்று ஒரு நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைப்பது. இரண்டிலும் சைக்கிள் குற்றமற்ற ஒரு முழுப்பொருளாக, எங்கிருந்தோ வந்து தெருவில் நிற்கிற ஒன்றாக இருக்கிறது. அது எந்தெந்தத் துண்டுகளாக, யார் கையால் செய்யப்படுகிறது, அந்தத் துண்டுகள் எந்த மொழியில் விற்கப்படுகின்றன என்கிற கேள்வி எழுவதே இல்லை. காரையும் தொலைக்காட்சியையும் கட்டுடைக்கத் தெரிந்த நம் நண்பர்கள்கூட சைக்கிள் என்று வந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள்.

சைக்கிளைத் துண்டுகளாகப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. அதுதான் வணிகக் கண்காட்சி. ஜெர்மனியின் யூரோபைக் இவற்றில் பெரியது. 1991இல் போடன் ஏரிக்கரையிலுள்ள ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற சிறு நகரத்தில் தொடங்கியது. செப்பலின் ஆகாயக் கப்பல்கள் கட்டப்பட்ட ஊர் அது. 2022இல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு இடம் மாறியது. தைவானில் தைபே கண்காட்சி. அமெரிக்காவில் இண்டர்பைக் என்று ஒன்று இருந்தது. 2018இல் ரினோ நகரத்தில் நடந்ததோடு முடிந்துபோயிற்று. இவை எதற்கும் நான் போனதில்லை. போக வசதியும் கிடையாது, கூப்பிடுகிறவர்களும் கிடையாது. ஆனால் அங்கிருந்து பிரதிகள் வருகின்றன. விலைப்பட்டியல்கள், பளபளக்கும் கையேடுகள், புகைப்படங்கள், சைக்கிள் பத்திரிகைக்காரர்கள் கடை கடையாக நடந்து எழுதுகிற அறிக்கைகள். சில ஆண்டுகளாக இவற்றை வாசித்து வருகிறேன். சக்கரத்துக்கு ஆர், குறடு, சூட்டு என்று உறுப்பு உறுப்பாகப் பெயர் வைத்த ஒரு மொழியை எம்.ஏ.வில் படித்த எனக்கு, இந்தப் பிரதிகளில் சக்கரம் எப்படிப் பேசப்படுகிறது என்பதில் ஒரு தொழில்முறை ஆர்வம் இருக்கிறது. "ஒரு வீலுக்கு இவ்வளவு பேச்சாய்யா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இவ்வளவு பேச்சு இருப்பதுதான் விஷயமே.

*

முதலில் காட்சி. இந்தப் புகைப்படங்களில் சக்கரத்துக்குச் சாலை இல்லை. அது சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு மேடைமேல் வெள்ளை வெளிச்சத்தில் நிற்கிறது. டயர்கூட பல சமயம் இருப்பதில்லை. கறுத்த கார்பன் வளையம், சில கம்பிகள், நடுவில் ஒரு குறடு. சிற்பத்தைப் போல வைக்கப்பட்டிருக்கிற இந்தப் பொருளின் முன்னால் வந்து நிற்கிறவர் செய்கிற சடங்குகள் இரண்டு. ஒன்று, விரலால் சுண்டிச் சுற்றவிட்டு ஃபிரீஹப்பின் கடகட சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது. இரண்டாவது, தூக்கிப் பார்ப்பது.

1955 பாரீஸ் மோட்டார் கண்காட்சியில் சித்ரோயன் டி.எஸ். கார் வெளியிடப்பட்டபோது ரோலான் பார்த் அதைப் பற்றி எழுதினார் என்பது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே கூட்டம் காரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை அவர் கவனித்தார். தொடுதல் அந்தக் காலத்துப் பண்டத்துக்கான புலன். இங்கே அந்த இடத்துக்கு எடை வந்திருக்கிறது. ஒரு ஜோடிச் சக்கரம் 1,400 கிராமுக்குக் கீழே என்பது ஒரு செய்தி. போன வருஷத்ததை விட நாற்பது கிராம் குறைவு என்பது அதைவிடப் பெரிய செய்தி. பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு இல்லை என்பதுதான் விலையாகிறது. இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்குகிறவர் ஒரு வகையில் இல்லாமையை வாங்குகிறார்.

அடுத்தது மொழி. இந்தக் கையேடுகளின் வாக்கியங்களில் எழுவாய் யார் என்று தேடிப் பாருங்கள். சக்கரம் காற்றைக் கிழிக்கிறது. சக்கரம் இத்தனை வாட் மிச்சம் பிடிக்கிறது. வளையம் அதிர்வை விழுங்குகிறது. மனிதர் எழுவாயாக வருகிற வாக்கியம் அபூர்வம். வந்தாலும் 'ஓட்டுநர்' என்று பொதுப்பெயரில் வருகிறார். உடனே வாட்டாகவும் கிலோகிராமாகவும் மாற்றப்பட்டுவிடுகிறார். இதே பார்த் பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தை ஒரு காவியமாக வாசித்தபோது அவருக்கு வீரர்களின் பெயர்கள் தேவைப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குணம், ஒரு வீழ்ச்சி. இந்தச் சந்தையின் கதையாடலில் வீரர் பெயர் ஒரு விளம்பரப் பலகை, அவ்வளவுதான். செயல் எல்லாம் உதிரிபாகத்திடம் போய்விட்டது. மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தோற்றம் கொள்கிறது என்று மார்க்ஸ் விளக்கியதை வகுப்பெடுக்க இதைவிட நல்ல இலக்கணப் பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

எண்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பெடலை மிதித்த எத்தனை டிகிரியில் ஃபிரீஹப் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு கணக்கு. முப்பத்தாறு பல் என்றால் பத்து டிகிரி. எழுபத்திரண்டு என்றால் ஐந்து. ஒரு அமெரிக்க நிறுவனம் 690 பிடிப்புப் புள்ளிகள், அதாவது 0.52 டிகிரி என்று அறிவித்தது. இது பொய் அல்ல. எண்ணிப் பார்த்தால் சரியாகவே இருக்கும். கரடுமுரடான மலைப்பாதையில் பாறை மேல் ஏறுகிறவருக்கு அந்த அரை டிகிரி கொஞ்சம் பயன்படவும் செய்யும். ஆனால் அந்த எண் சந்தையில் செய்கிற வேலை வேறு. நேற்று வாங்கிய ஐந்து டிகிரியை அது குறையாக மாற்றுகிறது. உங்களிடம் இல்லாத ஒரு குறையை முதலில் உங்களுக்கு விற்றுவிட்டுத்தான் அப்புறம் நிவர்த்தியை விற்கிறார்கள்.

*

சக்கரம் என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த விமர்சனம் வெறும் வாய்ப்பந்தலாகிவிடும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் தூண் மாதிரி பாரத்தைத் தாங்குகின்றன. சைக்கிள் சக்கரம் அப்படி அல்ல. மெல்லிய கம்பிகளால் தூணாக நிற்க முடியாது, வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே முறுக்கி இழுக்கப்பட்டிருப்பதால்தான் அது நிற்கிறது. பாரம் ஏறும்போது தரையை ஒட்டிய சில கம்பிகளில் மட்டும் அந்த இழுவிசை கணிசமாகக் குறைகிறது, மற்றவற்றில் மாற்றம் மிகக் குறைவு. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் வெளிவந்த 'தி பைசைக்கிள் வீல்' என்ற புத்தகத்தில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கீழேயுள்ள கம்பிகள் மேல்தான் குறடு 'நிற்கிறது' என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல் இன்றுவரை சண்டை போடுகிறவர்கள் உண்டு. சண்டை வார்த்தையைப் பற்றியது, கணக்கைப் பற்றியது அல்ல.

இந்த இழுவிசையை நிர்வகிக்கிற கலைக்கு நம் ஊர் சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பது என்று பெயர். கவிழ்த்துப் போட்ட சைக்கிளில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டைவிரலை ரிம் ஓரத்தில் வைத்து, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்து நிப்பிளைக் கால் திருகு தளர்த்தி எதிர்ப்பக்கத்ததைக் கால் திருகு இறுக்குவார். அந்த விரல் ஒரு அளவுகோல். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் கோட்டம் எடுக்கும்போது யாரோடும் பேசமாட்டார். "பேசினா கை தப்பும்" என்பார். இதற்கு அவர் வாங்கும் கூலி ஒரு டீயும் வடையும் சாப்பிடப் போதுமானது.

இந்தக் கலை சாத்தியமானதற்குப் பின்னால் ஒரு சமூக ஏற்பாடு இருக்கிறது. பிரிட்டிஷ் வடிவத்திலிருந்து வந்த நம் பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்தில் டயர் உட்காருகிற விட்டம் 635 மில்லிமீட்டர். முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. கம்பெனி செய்தாலும் சரி, லூதியானாவில் செய்தாலும் சரி, பெயர் தெரியாத பட்டறையில் செய்தாலும் சரி, ஒன்றின் ரிம்முக்கு இன்னொன்றின் டயர் பொருந்தும். பால்ரஸ் குண்டு, கோன், அச்சு, பெடல் கட்டை எல்லாமே அப்படித்தான். இதைத் தொழில்நுட்பத் தேக்கம் என்று ஒரு பொறியியல் பேராசிரியர் எழுதக்கூடும். தேக்கம்தான். அந்தத் தேக்கத்தில்தான் எத்தனையோ ஊரின் மெக்கானிக்குகள் சோறு தின்றார்கள். ஒரு சைக்கிள் மூன்று தலைமுறை ஓடியது.

கண்காட்சி இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. பின்சக்கரக் குறடின் அகலம் மட்டும் பாருங்கள்: 120, 126, 130, 135, 142, 148 மில்லிமீட்டர் என்று அது வளர்ந்து வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. பின்னால் பல்சக்கரம் ஐந்திலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வரை கூடியது, டிஸ்க் பிரேக் வந்தது, அச்சு பருத்தது. காரணங்கள் உண்மை. ஆனால் விளைவு என்ன? ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'புதிய தரநிலை' என்று பெயர் சூட்டப்படுகிறது. தரநிலை என்பது மாறாதது, பொதுவானது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லின் பொருளையே தலைகீழாக்கிவிட்டார்கள். பொருந்தாமையின் பெயர் இன்று தரநிலை. கம்பிகளும் இப்படித்தான். எண்ணிக்கை குறையக் குறைய, அந்தக் கம்பெனி மட்டுமே செய்கிற தட்டைக் கம்பி, அதற்கென்றே ஒரு நிப்பிள், அதைத் திருகுவதற்கென்றே ஒரு சாவி. ஒரு கம்பி அறுந்தால் சக்கரத்தையே பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். கட்டைவிரலுக்கு இங்கே வேலை இல்லை. பழுது பார்க்கிற அதிகாரம் கடையிலிருந்து கம்பெனிக்குக் கைமாறியிருக்கிறது; கையேட்டில் இதற்குப் பெயர் 'ஒருங்கிணைந்த அமைப்பு'.

*

இதெல்லாம் பணக்கார நாட்டு விளையாட்டுச் சாமான், நமக்கென்ன என்று கேட்கலாம். விளையாட்டிலும் உடல் இருக்கிறது.

வளையத்தின் உள்விளிம்பில் ஒரு சிறு கொக்கி இருக்கும். டயரின் ஓரத்தை அது கவ்விக்கொள்ளும். சில ஆண்டுகளாக இந்தக் கொக்கியை எடுத்துவிட்டு, நேர்ச்சுவராக விட்ட கார்பன் வளையங்கள் பந்தயச் சைக்கிளுக்கு வந்தன. கார்பன் அச்சில் வார்க்க நேர்ச்சுவர் எளிது, செலவு குறைவு. காற்றோட்டத்துக்கு நல்லது, காரின் சக்கரத்திலும் கொக்கி கிடையாது என்பது கம்பெனிகளின் வாதம். மலைச் சைக்கிளின் குறைந்த காற்றழுத்தத்தில் இது சிக்கலில்லாமல் ஓடியதும் உண்மைதான். ஆனால் சாலைப் பந்தயத்தில் அழுத்தம் அதிகம். இவ்வகை வளையத்துக்கு 5 பார் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் அடித்தால் டயர் கழன்றுவிடலாம். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சுற்றுப்பந்தயத்தில் தாமஸ் டி ஹென்ட் என்ற பெல்ஜிய வீரர் விழுந்தார். டயர் வளையத்தைவிட்டுக் கழன்று, உள்ளே இருந்த நுரைக்குழாய் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கிடந்த படம் உலகம் முழுக்கப் போயிற்று. பாறையில் மோதி வளையம் உடைந்ததுதான் காரணம் என்றது டயர் கம்பெனி. வீரர்கள் சங்கத்தின் தலைவர் ஆடம் ஹான்சன், இந்த வளையங்களே பந்தயத்துக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசினார்.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் பொறியாளர் அல்ல. எனக்கு உறுத்துவது வேறு. அந்த வீரருக்குத் தன் சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை கிடையாது. அணிக்குப் பணம் கொடுக்கிற கம்பெனி கொடுப்பதை அவர் ஓட்ட வேண்டும். மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிற ஒரு தொழிலாளி அவர். தன் கருவியின்மேல் அதிகாரம் இல்லாத தொழிலாளி. கண்காட்சியில் சுவரில் மாட்டியிருந்த அந்த அழகான வளையத்தின் மறுமுனையில் இந்த உடல் இருக்கிறது.

இன்னொரு கதை கிராங்கைப் பற்றியது. பெடலைத் தாங்குகிற கை அது. ஷிமானோவின் விலையுயர்ந்த 11 வேகக் கிராங்குகள் எடை குறைய வேண்டும் என்பதற்காக இரண்டு அலுமினியப் பாதிகளைப் பசையால் ஒட்டி, உள்ளே பொள்ளலாகச் செய்யப்பட்டவை. கண்காட்சி தோறும் கொண்டாடப்பட்ட தொழில்நுட்பம். 2023 செப்டம்பரில், 2012 ஜூனுக்கும் 2019 ஜூனுக்கும் இடையில் செய்யப்பட்ட இவ்வகைக் கிராங்குகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் ஆறு லட்சத்து எண்பதாயிரம். ஒட்டு விட்டுப்போனதாக 4,500க்கும் மேற்பட்ட புகார்கள், எலும்பு முறிவு உட்பட ஆறு காயங்கள். எல்லாவற்றையும் மாற்றித்தரவில்லை. கடைக்காரர் பார்த்து, ஒட்டு பிரிகிற அறிகுறி தெரிந்தால் மட்டும் மாற்று. அதாவது, எந்தக் கைக்கும் கண்ணுக்கும் இனி வேலை இல்லை என்று 'ஒருங்கிணைந்த அமைப்பு' சொன்னதோ, கடைசியில் அந்த மெக்கானிக்கின் கண்தான் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுத் துறையாக வேலை பார்க்க வேண்டிவந்தது.

எல்லாம் பிம்பம், மூலமே இல்லாத நகல் என்று போத்ரியாரைக் காட்டிப் பேசுகிற நண்பர்களிடம் இந்தக் கிராங்கைக் கொடுத்துப் பார்க்க ஆசை. கண்காட்சியின் பிம்ப விளையாட்டை விளக்க அவர் உதவுவார்தான். ஆனால் ஒட்டு விட்டுப்போகிற இடத்தில் முறிவது குறிப்பான் அல்ல, எலும்பு. கட்டுடைப்பு அதுவரைக்கும் போயாக வேண்டும்.

*

அந்த 1,400 கிராமுக்குள் இல்லாதது எது என்று கேட்டேன் அல்லவா? உழைப்பும் இல்லை. கார்பன் வளையம் என்பது இயந்திரம் துப்புகிற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். பசை ஊறிய கார்பன் துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, அடுக்கடுக்காகக் கையால் அச்சில் ஒட்டுகிற வேலை அது. புகைப்படத்தில் ஒரு கைரேகைகூட இருக்காது, துடைத்துத்தான் வைப்பார்கள்.

2023 டிசம்பரில் பிரிட்டனின் டெலிகிராஃப் பத்திரிகை, மலேசியாவில் ஷிமானோவுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற ஒரு தொழிற்சாலையின் நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியது. வேலைக்கு வருவதற்கே தரகருக்குப் பெருந்தொகை கட்டிக் கடனாளியாக வந்தவர்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள், மிரட்டினார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். விசாரிப்பதாக ஷிமானோ சொன்னது. 2025 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கச் சுங்கத்துறை, தைவானில் ஜெயண்ட் நிறுவனம் செய்கிற சைக்கிள்களையும் பாகங்களையும் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க உத்தரவிட்டது. உலகின் மிகப்பெரிய சைக்கிள் உற்பத்தியாளர்களில் ஒன்று அது. உத்தரவில் சொல்லப்பட்ட காரணங்களில் கடன் பிணை, ஊதியத்தைப் பிடித்துவைத்தல், அளவுமீறிய மிகைநேர வேலை, மோசமான வாழ்விடம் ஆகியவை உண்டு. கம்பெனி இதை மறுத்தது. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து தரகுக் கட்டணத்தைத் தொழிலாளர்மேல் சுமத்துவதில்லை என்றது. சுங்கத்துறையின் திடீர்க் கருணைக்குப் பின்னால் வணிகப் போர் இல்லையா என்று கேட்டால், இருக்கலாம். அமெரிக்கா தொழிலாளிக்காக அழுகிறபோது நாம் கைக்குட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்காக அந்தக் கடன் பொய்யாகிவிடாது.

மலேசியா, கடன், தரகர். தமிழ் வாசகருக்கு இந்த மூன்று சொற்களும் சேர்ந்து வரும்போது காதில் ஏதாவது விழ வேண்டும்.

1888இல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். (தாம்சன் என்பவர் 1845லேயே வாங்கியிருந்ததால் அது செல்லாமல் போனது, கம்பெனிப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.) அந்த டயர் வந்ததும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் வெடித்தது, ரப்பர் தேவை எகிறியது. காட்டு ரப்பருக்காக லியோபோல்ட் அரசனின் காங்கோவில் நடந்த கொடுமை, வெட்டப்பட்ட கைகள், எல்லோரும் அறிந்தது. சைக்கிள் அதற்குச் சாட்சி மட்டுமல்ல, காரணங்களில் ஒன்று. குற்றமற்ற வாகனம் என்று சொல்கிறபோது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கடத்திவந்த விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. பிறகு மலாயாவில் தோட்டங்கள் பரவின. சைக்கிள் டயர் தொடங்கிவைத்த தேவையைக் கார் டயர் பல மடங்காக்கியது. அந்த மரங்களில் பால் வெட்டப் போனவர்கள் யார்? கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டு கப்பல் ஏறிய தமிழர்கள். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவர் கைமாற முடியும். 1921இல் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்கு ஆள் சேர்த்து அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. நூறு வருஷம் போய் அதே மண்ணில், அதே சக்கரத்தைச் சுற்றி, அதே தரகுக் கடன். தலைகள் மட்டும் மாறியிருக்கின்றன.

மலையகம், சயாம் மரண ரயில், பால்மரக் காடு என்று நம் திறனாய்வு ஒரு பெட்டி வைத்திருக்கிறது. புலம்பெயர்வு இலக்கியம் என்று அதன்மேல் எழுதியிருக்கிறோம். அந்தப் பெட்டியில் துயரம் இருக்கும், மண்வாசனை இருக்கும், பண்டம் இருக்காது. அந்தப் பால் எங்கே போனது, என்னவாக ஆனது, யார் தூக்கிப் பார்த்து எடை வியந்தார் என்று கேட்டிருந்தால் தோட்டக் கதைகளை வேறு மாதிரி வாசித்திருப்போம்.

*

அப்படியானால் சைக்கிளே வேண்டாமா என்று ஒரு தோழர் கோபப்படுவார். புதுக்கோட்டையை அவர் நினைவுபடுத்துவார், நினைவுபடுத்தவும் வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்தின் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பஸ்ஸுக்கும் அப்பனுக்கும் புருஷனுக்கும் காத்திருக்கிற நேரத்தை அது அவர்கள் கையில் கொடுத்தது. பி. சாய்நாத் இதை எழுதியபோது பதிவு செய்த ஒரு விவரம் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது. பெண்களுக்கான சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை ஓட்டினார்கள். அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். ஏனென்றால் அதில் குறுக்கே ஒரு பார் இருந்தது, அதில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

ஒரு உதிரிபாகத்தைப் பற்றி நான் வாசித்த நல்ல விமர்சனம் இது. புடவை கட்டிய பெண் ஏறக் கூடாது என்பதுபோல் குறுக்கே நின்ற ஒரு குழாயை, குழந்தை இருக்கையாக அந்தப் பெண்கள் திருத்தி வாசித்தார்கள். அங்கே பாகத்தின் பொருளை முடிவு செய்தது பயன்படுத்துகிறவர். கண்காட்சியில் அதை முடிவு செய்வது அடுத்த வருஷத்துக் கண்காட்சி. கொரோனா காலத்தில் சைக்கிள் தேவை ஏறியதை நிரந்தரம் என்று நம்பி உற்பத்தி செய்து குவித்தார்கள். 2022க்குப் பிறகு கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2023 அக்டோபரில் பிரிட்டனின் பெரிய சைக்கிள் விற்பனை நிறுவனமான விக்கில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதற்கு முன்பே, 2020இல், பந்தய வளையங்களுக்குப் பேர்போன பிரெஞ்சு மாவிக் நீதிமன்றம் வரை போய்க் கைமாறியது. அதே ஆண்டுகளில் கண்காட்சி அரங்குகளில் இன்னும் பத்து கிராம் குறைந்த சக்கரங்கள் வந்துகொண்டே இருந்தன. வாங்க ஆள் இல்லாதபோதும் புதுமை நிற்காது. அதன் வேலை ஓட்டுவது அல்ல.

அண்மையில் கையேடுகளில் ஒரு புதுச் சொல் புழங்குகிறது: நியாயம். ஜெர்மனியில் 2012இல் தொடங்கிய நியாய ரப்பர் சங்கம் என்ற அமைப்பில் ஷ்வால்பே என்ற டயர் கம்பெனி உறுப்பினர். வாங்குகிற ரப்பருக்கு, சந்தை விலைக்கு மேல், உலர் ரப்பர் கிலோவுக்கு 50 செண்ட் கூடுதலாக உற்பத்தி செய்கிறவர்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் விதி. கேலி செய்ய எனக்கு மனமில்லை. பால் வெட்டுகிறவர் கைக்குப் பத்துப் பைசா கூடுதலாகப் போனாலும் நல்லதுதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தடித்த நகர்ப்புற டயர் ஒன்றில் முந்நூறு கிராம் இயற்கை ரப்பர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பதினைந்து செண்ட். இரண்டு டயருக்கு முப்பது. அந்த முப்பது செண்டைப் பற்றி எழுத்து, இலை படம், பச்சை வண்ணம் எல்லாம் இருக்கின்றன. அந்த டயரை மாட்டப்போகிற வளையத்தை ஒட்டியவர், வேலைக்கு வர வாங்கிய கடனை எத்தனை மாதம் அடைக்கிறார் என்ற எண்ணை மட்டும் எந்த மேடையிலும் இன்னும் அச்சடிக்கவில்லை. கிராமையும் வாட்டையும் அரை டிகிரியையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு மாதத்தை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்?